சாக்குப் படத்தின் மறு ஏலம்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகிப் போடிநாயக்கனூருக்கு நான் குடித்தனம் வந்த புதிது. என் கணவருக்குத் தபால் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டால், சாயங்காலம் வரை எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது. பேசாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். திண்டுக்கல்லில் கூட்டுக் குடும்பத்தில் கலகலவென்று வளர்ந்தவளை, மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார் என்றால் எப்படி? எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வந்த புதிதில் அழகாக இருந்தது. போகப் போக அதன் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

என் புலம்பல் தாங்காமல் அவர் ஆபீசில் யாரிடமோ, "வீட்டில் நன்றாகத் தையல் போடுவாள்" என்று சொல்லிவைத்திருக்கிறார். ஸ்டாம்பு வாங்க வந்த ஓர் அம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிடும். மறுநாளே குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தையல் தெரியுமாமே? வீட்ல சும்மாதான இருக்க? நாளைக்கு வெள்ளன வந்துரு. சம்பளம் கெடையாது. மத்தியானம் கஞ்சி உண்டு."

எங்கே வரவேண்டும், எதற்கு வரவேண்டும் என்று நான் கேட்பதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார். அவர் பேச்சே அப்படித்தான். ஊசி போடுகிற மாதிரி சுருக்கென்று இருக்கும், சீக்கிரமும் முடிந்துவிடும்.

அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு போனால், ஊர் ஓரத்தில் ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. காய் வரத்து இல்லாத மாதங்களில் அது காலியாகக் கிடக்கும் என்பதால், முதலாளி நர்சம்மாவுக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். உள்ளே நுழைந்தால் காலி இடத்திலும் ஏலக்காய் வாசனை தூக்கியடிக்கும். அங்கே பகலெல்லாம் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் வயது வந்தவர்கள். கண் தெரியாதவர்கள், மலையில் விழுந்து இடுப்பு போனவர்கள், வலிப்பு வருகிறவர்கள், மீசை நரைத்தும் புத்தி மட்டும் குழந்தையாகவே நின்றுவிட்டவர்கள். வீட்டில் மற்றவர்கள் காட்டுக்கும் மலைக்கும் வேலைக்குப் போகும்போது, இவர்களைத் தனியே விட பயந்துகொண்டு, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது அந்த நாளில் சகஜம். நர்சம்மா ஒவ்வொரு வீடாகப் போய், சண்டை போட்டு, பூட்டைத் திறக்க வைத்து அழைத்துவந்திருந்தார். காலையில் வருவார்கள், மத்தியானம் கஞ்சி குடிப்பார்கள், பொழுது சாய வீட்டுக்குப் போவார்கள். ஊர்க்காரர்கள் அதற்குக் கிறுக்குக் கிட்டங்கி என்று பேர் வைத்திருந்தார்கள். ஊருக்குப் பேர் வைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

முதல் நாளே நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பிள்ளைகளா, எல்லாரும் இங்கே பாருங்க" என்று ஆரம்பித்தேன். நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவுகள்ல முக்காவாசிப் பேரு உன்னவிட மூத்தவுக. பிள்ளைக, கிள்ளைகன்னு கொஞ்சாத. அண்ணே, அக்கான்னு கூப்புடு."

அங்கே நடந்த வேலைகள் எனக்குப் பிடித்துப்போயின. கண்மாய்க் களிமண்ணில் பொம்மை பிடிப்பார்கள். காகிதப் பூ கட்டுவார்கள். பனையோலையில் விசிறியும் கிலுகிலுப்பையும் முடைவார்கள். கண் தெரியாத ஒருவர் கஞ்சி வேகும் வரைக்கும் தெம்மாங்கு பாடுவார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மண்யானை அண்ணன் இருந்தார். நாற்பது வயது, எப்போதும் சிரிப்பு. அவர் பிடிக்கிற யானைக்கெல்லாம் ஐந்து கால். ஐந்தாவது தும்பிக்கையா என்று கேட்டுவிட்டால் போச்சு. "இல்ல, காலு" என்பார் கோபமாக. தும்பிக்கையை நெற்றியில் தனியாகக் காட்டுவார்.

என்னிடம் தையலுக்கு வந்தவர்களில் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வலிப்பு வந்து அடுப்பில் விழுந்ததில் இடது கை விரல்கள் ஒட்டிக் கூம்பிப்போயிருந்தன. கல்யாணமாகிப் போன இடத்தில் ஒரு வருஷம்கூட வைத்திருக்கவில்லை. வண்டி கட்டிக்கொண்டு வந்து பிறந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். போடியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் தன்னைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

நான் கைக்குட்டையில் ரோஜாப்பூப் போடச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரு நாள் போட்டாள். மறுநாள் கைக்குட்டையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "டீச்சரம்மா, இது எனக்கு ஒட்டல. ஒரு சாக்கு குடுங்க" என்றாள். கிட்டங்கியில் சாக்குக்கா பஞ்சம்? ஒன்றை உதறிக் கொடுத்தேன். பழைய சேலைகளின் கரையைப் பிரித்து நூல் எடுத்தாள். கூம்பிய கையால் சாக்கை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோணி ஊசியால் தைக்க ஆரம்பித்தாள். என்ன தைக்கிறாள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்னக் கட்டம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு நாள் அதைச் சுவரில் சாத்தித் தூர நின்று பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலை மேலே இருந்து பார்த்தால் போடி எப்படித் தெரியுமோ அப்படியே! கட்டம் கட்டமாக வயல், கண்மாய்த் தண்ணீர், ஓட்டுக் கூரைகள், கோயில் கோபுரம், வளைந்து வளைந்து மேலே வரும் ரோடு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவோடு காய் எடுக்க மலைக்குப் போவாளாம். கண்ணில் பதிந்திருந்ததை அப்படியே இறக்கிவிட்டாள்.

நான் தினமும் கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்த மலையிலிருந்து ஒருத்தி என் ஊரை இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிட்டங்கி முதலாளி ஆள் அனுப்பினார். ஆடி பிறந்தால் காய் இறங்க ஆரம்பித்துவிடும், கிட்டங்கி வேண்டும் என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவர் பொருள், அவர் பிழைப்பு. நர்சம்மா தன் நகையை விற்று ஊருக்கு வெளியே துண்டு நிலம் வாங்கி, புதுக் கூடத்துக்கு மண் சுவரும் எழுப்பிவிட்டார். கூரை போடத்தான் வழியில்லை. மழைக்கு முன்னால் தகரம் போடாவிட்டால் சுவர் கரையும். சுவர் கரைந்தால் இத்தனை பேரும் பழையபடி பூட்டின வீட்டுக்குள்தான். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். தெம்மாங்கு பாடுகிறவர் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

செய்து வைத்திருக்கும் பொருள்களை ஏலம் விட்டால் என்ன என்று நர்சம்மாவுக்கு யோசனை வந்தது. போடியில் ஏலத்துக்கு ஆள் சேர்ப்பது சுலபம். காய் வியாபாரிகளுக்கு ஏலம் கேட்பது சாப்பாடு மாதிரி. இந்தப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குச் சாத்திய எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைத்து ஏலம் விடுவார்கள். பெரிய தனக்காரர் ஒருவர் போட்டி போட்டு எடுப்பார். பணத்தைக் கொடுத்துவிட்டு, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமிக்கே இருக்கட்டும்" என்று பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உடனே மறு ஏலம். இன்னொருவர் அதைவிடக் கூடக் கேட்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரே பழம் கோயிலுக்கு மண்டபமே கட்டிக் கொடுத்துவிடும். கொடுத்தவருக்கு மேளம் கொட்டிப் பேர் சொல்வார்கள். திருப்பிக் கொடுப்பதுதான் பெருந்தன்மை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால், "அல்பம், பழத்துக்கு அலைஞ்சிருக்கான்" என்பார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிட்டங்கி முற்றத்தில் ஏலம். பெஞ்சுகளில் வியாபாரிகள். ஓரமாக உறுமிக்காரர். எங்கள் ஆட்கள் எல்லாரும் தலை வாரி, திருநீறு பூசி, பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மண்யானை அண்ணன் யானையை மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். ராசிங்காபுரத்துப் பெண் என் பக்கத்தில். அண்ணிக்காரியிடம் இரவல் வாங்கிய நல்ல சேலை கட்டியிருந்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர் ஒருவர் இனாமாகக் கூற வந்திருந்தார். அவர் குரல் பொட்டிபுரம் வரைக்கும் கேட்கும். முதலில் சாக்குப் படத்தைத்தான் எடுத்தார். ஒரு தடவை விரித்துக் காட்டினார். காற்று தூக்கியடித்ததால் சட்டென்று மடித்து, வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று தொடங்கியதும் வியாபாரிகளுக்குள் சூடு பிடித்துவிட்டது. பெரிய தலைப்பாகைக்காரர் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். பணத்தைத் தட்டில் வைத்தார். மடித்த சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கூடத்துக்கே இருக்கட்டும்" என்று தட்டைத் தள்ளினார். உறுமி முழங்கியது. கூட்டம் கை தட்டியது.

மறு ஏலம். இந்தத் தடவை பட்டுத்துண்டு போட்ட இளைய வியாபாரி. பெரியவரைவிடக் கூடக் கேட்டு எடுத்தார், அதே மாதிரி தட்டைத் தொட்டுவிட்டுத் திருப்பினார். பிறகு இன்னொருவர். மறுபடி பெரியவர். நர்சம்மாவுக்கு ரூபாயெல்லாம் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு தடவையும் என் பக்கம் குனிந்து, "இன்னொரு பக்கத்துக்குத் தகரம் ஆச்சு" என்று மட்டும் சொல்வார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, உன் படம் ஒண்ணே கூரைய வேய்ஞ்சிரும் போலயே!" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வலிப்புத்தான் வரப்போகிறது என்று பயந்துவிட்டேன். என் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். நேரே முற்றத்தின் நடுவுக்குப் போய் ஏலம் கூறுகிறவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அதக் கொண்டாங்க."

அவர் திகைத்துப்போனார். "என்ன தாயி, ஏலம் ஓடிக்கிட்டு இருக்குல்ல?"

"போதும்ணே. என் படத்த எங்கிட்டக் குடுங்க."

நர்சம்மா எழுந்து போனார். இவளுக்கு வழக்கம் தெரியவில்லை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் என்றுதான் அவருக்கும் எனக்கும் தோன்றியது. நர்சம்மா அவள் தோளில் கை வைத்து, பொறுமையாகச் சொன்னார்.

"ஏம்மா, அவுக வேணாம்னு தரல. அது மரியாதைக்கிச் செய்யிறது. கோயில் பழம் மாதிரி."

"தெரியும்மா. நானும் இந்த ஊருப் பக்கத்துலதான பொறந்தேன்? எனக்கு அந்த மரியாத தெரியும்." அவள் குரல் ஏறவே இல்லை. "என்னயும் புருசன் வீட்டுல வெறுங்கையோட அனுப்பல. அண்டா குண்டா, நகைநட்டு ஒண்ணு கொறையாம, மேளம் இல்லாத கொறையா, மரியாதையாத்தான் திருப்பிக் கொண்டாந்து எறக்குனாக. எங்கப்பாகூட, 'பெரிய மனுசருக, ஒரு சாமானக்கூட வச்சுக்கிறல'ன்னு சொன்னாரு."

நர்சம்மாவின் கை அவள் தோளிலிருந்து தானாக இறங்கியது.

பட்டுத்துண்டுக்காரர் எழுந்தார். "அட என்னம்மா இது. நாங்க என்ன, வேணாம்னா சொன்னோம்?"

"வேணும்னும் சொல்லலையே, அய்யா. ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கலையே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தருமம் பண்ண வந்தா, பிரிச்சுப் பாத்தியா, மோந்து பாத்தியான்னு கேள்வி வேற" என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்துவிட்டார். அவரோடு இன்னும் சிலரும் எழுந்துவிட்டார்கள். எங்கள் கூரையின் பாதித் தகரம் எங்கள் கண் முன்னாலேயே வாசலைத் தாண்டிப் போனது. உள்ளதைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு அவள் மேல் ஆத்திரமும் வந்தது. வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அவள் தட்டிலிருந்து சாக்கை எடுத்தாள். வெற்றிலைக் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்க, தரையில் விரித்தாள். போடி ஊர் முழுசாக அந்த முற்றத்தில் விரிந்தது.

வாசல் ஓரத்தில், தலையில் மூட்டையோடு ஒரு பெண் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மலைத் தோட்டத்தில் வேலை செய்து, அங்கேயே லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிறவள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இறங்கி வந்து, போடிமெட்டு போகிற ஜீப்புக்குக் காத்திருந்தவள், உறுமிச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் நேரே வந்து சாக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ஆத்தே! இது நம்ம போடியில்ல? எங்க லயத்துக்கு மேல ஒரு பாற இருக்கு. அதுல ஏறி நின்னா இப்பிடியேதான் தெரியும். மேகம் எறங்கிருச்சுன்னா அதுவும் தெரியாது. மாசக் கணக்குல வெள்ளையா மூடிக்கும்." விரலால் ரோட்டைத் தடவிக்கொண்டே போனாள். "இந்தா, இந்த எடத்துலதான் நான் பொறந்த வீடு. இது யாரு தச்சது?"

"நாந்தான்."

"என்ன வெல?"

ஏலம் கூறுகிறவர் குறுக்கிட்டார். பாவம், அவருக்குத் தொழில் விட்டுப்போகவில்லை. "ஏ ஆத்தா, இது பெரிய வெலைக்குப் போயிக்கிட்டு இருக்குற சாமான். நீ கேக்க முடியாது" என்று கடைசி விலையைச் சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புட்டுத் துட்டுக்கு நான் எங்கண்ணே போவேன்? அதுக்கு ஒரு மாடு வாங்கிப்புடலாமே." பிறகு ராசிங்காபுரத்துப் பெண்ணிடம் திரும்பி, கடை வீதியில் கத்திரிக்காய் பேரம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள். "கொறச்சுச் சொல்லு சேச்சி. ஓரம் வேற பிரிஞ்சிருக்கு, பாரு. சாக்குத்தான? ஆனா எனக்கு வேணும். எங்க லயத்துச் செவத்துல ஒரு வெடிப்பு. ராத்திரியெல்லாம் அது வழியாக் குளிரு உள்ள ஏறுது. இத அங்கன மாட்டுனா குளிருக்கும் ஆச்சு, ஊரப் பாத்தாப்புலயும் ஆச்சு."

மலையிலேயே இருந்து இருந்து அவள் பேச்சில் மலையாளம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அக்காவைச் சேச்சி என்றாள். முந்தியை அவிழ்த்து, முடிந்து வைத்திருந்ததைக் கையில் கொட்டிக் காட்டினாள். "ஜீப்புக்குப் போக இதான் இருக்கு. மதியா?" என்றாள். போதுமா என்று அர்த்தம்.

அந்தப் பெரிய ஏலத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒரு தகரத்தின் ஓரம்கூட வராது. ராசிங்காபுரத்துப் பெண் நர்சம்மாவைப் பார்த்தாள். நர்சம்மா, "என்னைய ஏன் பாக்குற? சாமான் உன்னுது" என்றார்.

"எடுத்துக்கங்க அக்கா," என்றாள் அவள். அப்புறம் ஒரு சந்தேகம் வந்துவிட்டது போல. "திருப்பிக் கொண்டாற மாட்டீகளே?"

"நல்லாக் கேட்ட! துட்டுக் குடுத்து வாங்குனத நான் என்னத்துக்குத் திருப்பிக் கொண்டாறேன்? வெரசாச் சுருட்டிக் குடு, ஜீப்பு போயிரும்."

சுருட்டிய சாக்கை மூட்டைக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டும் வரைக்கும் ராசிங்காபுரத்துப் பெண் நின்ற இடத்தில் நின்றாள். கை தட்டவும் இல்லை, உறுமியும் இல்லை. ஜீப்பு கிளம்பின சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

நர்சம்மா ஒரு செருமல் செருமினார். கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். "இனிமே இங்க மறு ஏலம் கெடையாது. எடுக்குறவுக வீட்டுக்குக் கொண்டு போகணும். கொண்டு போக இஷ்டமில்லாதவுக கேக்க வேணாம்." கூரைக்காக நகையை விற்றவர் அவர். சுவர் மழைக்குக் காத்திருப்பது எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படியும் அதைச் சொன்னார்.

பாதிப் பெஞ்சு காலி. மிச்சம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தலைப்பாகைப் பெரியவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்ப்பக்கம் வந்தார். அதுவரை தூர உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக ஒவ்வொரு பொருளையும் குனிந்து பார்த்தார். அவருக்குக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"இதுல எங்க வீட்டுக்கு எது ஆகும்? நீயே சொல்லு தாயி" என்று ராசிங்காபுரத்துப் பெண்ணிடமே கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல சின்னப்பிள்ளைக இருக்கா அய்யா?" என்றாள். பேரன் இருக்கிறான் என்றார். மண்யானை அண்ணன் மடியிலிருந்த யானையைக் காட்டினாள். அண்ணன் சும்மா கொடுப்பாரா? "எத்தன காலு, சொல்லு" என்று பரீட்சை வைத்தார். பெரியவர் நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றார். அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே தூக்கிக் கொடுத்துவிட்டார். காய் மண்டியில் ஊரையே ஆட்டிவைக்கிற அந்த மனுஷர், இரண்டு கையிலும் யானையை ஏந்திக்கொண்டு, கால் உடைந்துவிடுமோ என்று அடிமேல் அடி வைத்து வெயிலில் நடந்து போனார். பிற்பாடு அந்த யானையை அவர் கல்லாப்பெட்டி மேல் நானே பார்த்திருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் மற்றவர்களும் வந்தார்கள். விசிறி போயிற்று, கிலுகிலுப்பை போயிற்று, காகிதப் பூவும் போயிற்று. பேரம் பேசினார்கள், குறை சொன்னார்கள், மாற்றிக் கேட்டார்கள். எங்கள் ஆட்களும் விட்டுக்கொடுக்கவில்லை. தெம்மாங்குக்காரர், தான் முடைந்த விசிறியை விலை குறைத்துக் கேட்ட ஒருவரிடம், "கண்ணு தெரியாட்டியும் வெல தெரியும்ணே" என்று கறாராகச் சொல்லிவிட்டார். தட்டில் முன்பே விழுந்திருந்ததையும் சேர்த்து வந்த பணம், மறு ஏலத்தில் வந்திருக்கக்கூடியதில் ஒரு பங்குதான்.

அதனால் எங்கள் புதுக் கூடத்துக்குப் பாதிக் கூரை தகரம், பாதிக் கூரை தென்னங்கீற்று. மழை பெய்தால் கீற்றுப் பக்கம் ஒழுகும். எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தகரத்துப் பக்கம் ஓடுவோம். அங்கே இடம் பிடிக்கச் சண்டை வரும். ஆனால் சுவர் கரையவில்லை. யாரும் பூட்டின வீட்டுக்குள் திரும்பிப் போகவும் இல்லை.

தை பிறந்து, மலையில் காய் எடுப்பு ஓய்ந்த சமயம். ஒரு நாள் காலையில் அந்தத் தோட்டத்துப் பெண் புதுக் கூடத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் சுருட்டிய சாக்கு. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டோம். தைத்துக்கொண்டிருந்த ராசிங்காபுரத்துப் பெண்ணின் ஊசி அப்படியே நின்றது. அவள் முகம் சுண்டிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. இவளாவது கொண்டு வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் சபித்தேன்.

தோட்டத்துப் பெண் எதையும் கவனிக்காமல் சாக்கை விரித்துப் போட்டாள். அடையாளமே தெரியவில்லை. விறகடுப்புப் புகையில் கறுத்து, ஈரத்தில் விறைத்து, ஒரு மூலையில் எலி கடித்திருந்தது.

"இங்க பாரு சேச்சி, புகை புடிச்சுக் கோபுரம் மறஞ்சே போச்சு. எம் மக தெனமும், 'கோபுரத்தக் காணோம், கோபுரத்தக் காணோம்'னு உசுர எடுக்குறா. அத மட்டும் புது நூலு போட்டுத் தச்சுக் குடு. நாளன்னைக்கு மலைக்கிப் போறேன், அதுக்குள்ள வேணும். வெறுஞ் செவரப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

ராசிங்காபுரத்துப் பெண் அந்தக் கறுத்த சாக்கை வாங்கி முகத்தோடு வைத்து மோந்து பார்த்தாள். புகையும் குளிரும் பழைய துணியுமாக, குடித்தனம் நடந்த வீட்டின் வாசனை அடித்தது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடமிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. நர்சம்மாகூட என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கு அவள் கஞ்சி குடிக்கக்கூட எழுந்திருக்காமல் கோபுரத்தைத் தைத்தாள்.

எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. நாலு பேர் மதிக்கிற நிலையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எத்தனையோ பேர் தங்கள் கையால் செய்ததை எதையாவது கொண்டு வந்து நீட்டுகிறார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், நீங்களே வச்சுக்கங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும்போதெல்லாம், முற்றத்து நடுவில் நின்று, "வேணும்னும் சொல்லலையே" என்று கேட்ட அந்தக் குரல் காதில் விழுகிறது. உடனே அதைப் பிரித்துப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்கிறேன், இரண்டு கையாலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.